அறுநூற்றுப் பத்துக் கிலோவும் ஓர் ஓட்டுநரும்

எடைமேடைக்காரர், வழக்குப் பெயர் 'இறங்கு சார்'. பிறந்தது 1953. கல்குவாரியின் எடைமேடையில் பணியாற்றியது 1977 முதல் 2013 வரை. இருவர் அமரும் பந்தயக் கார் ஒன்றைத் தம் வீட்டுக் கொட்டகையில் கட்டியது 2014 முதல் 2019 வரை.

வழக்குப் பெயரின் காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எடைமேடை என்பது தரை மட்டத்தில் பதித்த ஒரு பெரிய இரும்புத் தட்டு. கல் ஏற்றிய லாரி அதன்மேல் வந்து நிற்கும். பக்கத்து அறையில் இருந்தபடி முள்ளைப் பார்த்து எடையைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. லாரியை ஓட்டி வந்தவரின் எடையும் கல்லின் எடையோடு சேர்ந்துவிடக் கூடாது அல்லவா? ஆகவே, லாரி நின்றதும் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "டிரைவர் இறங்கு" என்பார். ஓட்டுநர் இறங்கி மேடையை விட்டு மூன்றடி தள்ளி நின்ற பிறகே முள்ளைப் பார்ப்பார். மழை கொட்டினாலும் இறங்கத்தான் வேண்டும். ஒரு முறை காலில் மாவுக்கட்டோடு வந்த ஓட்டுநரைத் தாமே கைத்தாங்கலாக இறக்கி, ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, குடையும் பிடித்துவிட்டு எடை எடுத்தாரே தவிர, விதியை இம்மியும் தளர்த்தவில்லை. அன்று முதல் ஓட்டுநர்களிடையே 'இறங்கு சார்' என்ற பெயர் நிலைத்தது. குவாரியிலிருந்து அது தெருவுக்கு வந்தது. தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் வந்தது.

1984ஆம் ஆண்டு ஒரு பிற்பகலில், வழிதவறிய ஒரு சிவப்புக் கார் குவாரிக்குள் நுழைந்தது. கூரை இல்லை, இரண்டே இருக்கைகள், இடுப்பளவு உயரம். ஓட்டி வந்தவர் வழி கேட்டுவிட்டு, எடைமேடையைப் பார்த்து, "இதை ஒரு தடவை எடை போட்டுப் பாக்கலாமா?" என்று விளையாட்டாகக் கேட்டார். இறங்கு சாருக்கு எடையில் விளையாட்டுக் கிடையாது. "ஏத்துங்க. நீங்க இறங்குங்க" என்றார்.

முள் சோம்பல் முறிப்பதுபோல் சற்றே அசைந்து, அறுநூற்றுப் பத்தில் நின்றுவிட்டது. அவர் கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தார். முள் நகரவில்லை. இருபது டன், இருபத்தைந்து டன் என்று கனத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நான்கு சக்கரமும் எஞ்சினும் உள்ள ஒரு பொருள் இவ்வளவு லேசாக இருக்க முடியும் என்பது நம்பக்கூடியதாக இல்லை. கார் கிளம்பிப் போனபோது சன்னலில் நின்று பார்த்தார். குவாரி வாசலின் வளைவில் லாரிகள் ஒரு பக்கம் சாய்ந்து, முனகிக்கொண்டுதான் திரும்பும். அந்தக் கார் சாயவே இல்லை. பென்சிலால் கோடு இழுத்தாற்போல் வளைந்து போய் மறைந்தது.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம், "அறுநூத்திப் பத்து" என்றார்.

"எது?"

"ஒரு கார்."

"வாங்கப் போறீங்களா?"

"இல்ல. கட்டப் போறேன்."

"சரி. முதல்ல கை காலைக் கழுவிட்டு வாங்க."

கை கால் கழுவி வருவதற்குச் சரியாக முப்பது ஆண்டுகள் ஆயின. இடையில் மகள் பிறந்தாள், படித்தாள், மணமாகி வேறு ஊருக்குப் போனாள். மனைவி ஒரு பள்ளியின் வேன் ஓட்டுநராகச் சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் வேன் ஓட்டினார். பிள்ளைகள் அவரை 'வேனம்மா' என்பார்கள். தெருவும் அப்படியே அழைத்தது. மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பள்ளியின் கட்டளை. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் வேனம்மா முப்பத்தொன்றைத் தொட்டதில்லை. இருவரும் 2013இல் ஓய்வு பெற்றனர். அடுத்த ஆண்டு முதல் வாரத்தில், வீட்டில் நின்ற பழைய நான்கு கதவுக் காரின் பின்னிருக்கையைக் கழற்றி வாசலில் வைத்தார் இறங்கு சார். கட்டும் வேலை தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அறிவிப்பு.

தகர வேலைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. வேனம்மாவின் தம்பி மூன்று தெரு தள்ளி டிங்கர் பட்டறை வைத்திருந்தார். நசுங்கிய வண்டியைத் தட்டித் தட்டிப் பழைய உருவுக்குக் கொண்டுவருவதில் கெட்டிக்காரர். பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரர். மைத்துனரை இறங்கு சார் 'மச்சான்' என்பார்; அவர் இவரை 'அத்தான்' என்பார். இந்த இரண்டு மரியாதைச் சொற்களுக்கு இடையே அவர்கள் பரிமாறிக்கொண்டவற்றில் மரியாதை அதிகம் இல்லை.

இறங்கு சாரின் முறை இது. கொட்டகையின் சிமெண்டுத் தரையை முதலில் மட்டம் பார்த்தார். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயை நான்கு மூலைக்கும் இழுத்து, அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்த மூலையில் தகடு வைத்தார். குவாரிக் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த நான்கு முள் தராசுகளைக் கேட்டு வாங்கிவந்து, பழுது நீக்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஒன்று வைத்தார். ஆக, கொட்டகையே ஒரு சிறிய எடைமேடை ஆயிற்று. பழைய கார் 788 கிலோ. அதைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். அதற்குக் கீழே 610 என்று எழுதி, வட்டமிட்டார். நடுவில் இருந்த வெற்றுச் சுவர்தான் அடுத்த நான்கு ஆண்டு.

கூரை போயிற்று. அது போனதால் வண்டி நடுவில் மடங்கிவிடாமல் இருக்க, அடிச்சட்டத்தில் குறுக்குக் குழாய்கள் பற்றவைக்கப்பட்டன. பின்கதவுகள் இரண்டும் போயின. கனத்த இரும்புப் பானெட்டுக்குப் பதிலாக, மச்சான் அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின்மேல் வைத்து மரச்சுத்தியலால் பதினோரு வாரம் தட்டி ஒரு பானெட் செய்தார். விரலால் தட்டினால் அது பாத்திரம்போல் ஒலித்தது. அகலமான சக்கரங்களுக்கு ஏற்ப மட்கார்டுகளை ஃபைபரில் வார்த்து, வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும்படி வைத்தார். வெயில் படும்போது அந்தப் புடைப்பில் நிழல் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்க, தெருவில் நடப்பவர்கள் வேலியருகே நின்றுவிடுவார்கள்.

கழற்றிய ஒவ்வொன்றும் எடை போடப்பட்டது. மாட்டிய ஒவ்வொன்றும் எடை போடப்பட்டது. பெடல்களில்கூடத் துளை போட்டு எடை குறைத்தார்.

"அத்தான், துளை போட்டது போதும். அந்தத் துளைக்குள்ள இன்னொரு துளை போட்டீங்கன்னா இன்னும் குறையும்."

"நீ பள்ளம் அடைக்கிற பட்டியை மெல்லிசாப் பூசு. நேத்து பூசினது முந்நூறு கிராம்."

"பெட்ரோலாவது ஊத்துவோமா, இல்ல அதுவும் எடைதானேன்னு தள்ளிவிட்டே ஓட்டுவோமா?"

மாலைத் தேநீரோடு வரும் வேனம்மா சுவரைப் பார்ப்பார்; பிறகு கணவரைப் பார்ப்பார். "வண்டி இளைச்சுக்கிட்டே போகுது. நீங்கதான் இளைக்கக் காணோம்" என்பார். உண்மை. அவர் அப்போது தொண்ணூற்றிரண்டு கிலோ.

முள்ளின்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கைக்கு ஒரு சான்று சொன்னால் போதும். இரண்டு கதவுகளும் ஒரே அச்சில் வெட்டி, ஒரே தகட்டில் செய்தவை. ஆனால் ஒன்று மற்றதைவிட 1.1 கிலோ கூடுதலாக இருந்தது. மச்சான் கோபித்துக்கொண்டார். "ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி. உங்க தராசுக்குத்தான் வயசாயிடுச்சு" என்றார். இறங்கு சார் கதவின் உட்பலகையைக் கழற்றினார். உள்ளே மச்சானின் சின்னச் சுத்தியல் கிடந்தது. ஒரு மாதமாக அதைத் தேடி, பட்டறையில் எல்லோரையும் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"முள் பொய் சொல்லாது மச்சான்" என்று சுத்தியலைக் கையில் கொடுத்தார் இறங்கு சார்.

"கதவுக்குள்ள ஒரு சுத்தியல் இருந்தா அவசரத்துக்கு ஆகும்னு நான்தான் வெச்சேன்" என்றார் மச்சான்.

அடுத்தது சஸ்பென்ஷன். அந்தச் சிவப்புக் கார் சாயாமல் திரும்பியதன் ரகசியம் அதில்தான் இருக்கிறது என்று இறங்கு சார் முப்பது ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தார். பழைய காரின் பின்புறத்தில் இருந்தது லாரிக்கு இருப்பதுபோன்ற பட்டை ஸ்பிரிங். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, நான்கு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங் சுற்றிய புதிய ஷாக் அப்சர்பர்களைப் பொருத்தினார். ஒவ்வொன்றின் உடலிலும் மரை வெட்டியிருக்கும். அதில் ஒரு வளையம் இருக்கும். வளையத்தை மேலே திருகினால் ஸ்பிரிங் இறுகும். அந்த மூலையில் பாரம் கூடும். நான்கு கால் மேசையின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தால், அந்தக் காலும் அதன் எதிர்மூலைக் காலும் பாரத்தைத் தாங்க, மற்ற இரண்டும் ஒப்புக்கு நிற்குமே, அதே கதைதான். நான்கு வளையங்களையும் மாற்றி மாற்றித் திருகி, பாரத்தைச் சரியாகப் பங்கிட வேண்டும். இதில் ஏழு வாரம் போயிற்று. எடை எடுக்கும் நேரத்தில் கொட்டகைக்குள் யாரும் வரக்கூடாது. பானெட்டின்மேல் படுத்து வெயில் காயும் பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட இறக்கிவிட்டுத்தான் முள்ளைப் பார்ப்பார்.

2018 ஜூலையில் முன் சக்கரங்கள் இரண்டும் தலைக்கு 155, பின் சக்கரங்கள் இரண்டும் தலைக்கு 150 காட்டின. கூட்டினால் அறுநூற்றுப் பத்து. சுவரில் வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டார். மச்சான் வண்டிக்கு ஆழ்ந்த சிவப்பு வண்ணம் அடித்தார். வேனம்மா அதைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய விருது.

இனி ஒரே ஒரு படி பாக்கி இருந்தது. உருவம் மாற்றிய வாகனம் சாலைக்கு வர வேண்டுமானால் சோதனை நிலையத்தில் தேற வேண்டும். ஓராண்டுக்குள் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் வண்டியின் பதிவு அடியோடு நீக்கப்படும். பிறகு தலைகீழாக நின்றாலும் அது சாலையைப் பார்க்க முடியாது. ஐந்தாண்டு உழைப்பு கொட்டகையிலேயே குடியிருக்க வேண்டியதுதான்.

முதல் முறை போனபோது, பற்றவைப்பு, விளக்கு, அடிச்சட்டம் எல்லாவற்றையும் பார்த்துத் தலையசைத்தார் சோதனை அதிகாரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டே பேசும் ஒரு பெண்மணி அவர். கடைசிச் சோதனை, இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, பிரேக்கை அழுத்தி நிறுத்துவது. இறங்கு சார் ஓட்டிவந்து அழுத்தினார். வண்டி ஓட்டுநர் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோட்டை ஒரு முழம் தாண்டி நின்றது.

பிரேக் கட்டைகளை மாற்றினார்கள். பிரேக் குழாய்களை மாற்றினார்கள். நூல் கட்டி, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று சரிபார்த்தார்கள். 2019 பிப்ரவரியில் இரண்டாம் முறை போனபோதும் அதே பக்கம், அதே முழம்.

"சார், இவ்வளவு அழகான வண்டி இந்த வாசலுக்கு வந்ததே இல்ல. எனக்கே ஓட்டிப் பாக்கணும்போல இருக்கு" என்றார் அதிகாரி. "ஆனா கோட்டைத் தாண்டுதே, நான் என்ன செய்ய?"

கடைசி வாய்ப்புக்கு ஜூன் 14 தேதி குறிக்கப்பட்டது. அதுவரை கொட்டகையில் சிரிப்புச் சத்தம் குறைந்திருந்தது. இறங்கு சார் நாள்தோறும் வண்டியைத் தராசில் ஏற்றுவார். நான்கு முள்ளும் நாள்தோறும் 155, 155, 150, 150 என்று மாறாமல் சொல்லும்.

"வண்டியில தப்பே இல்ல" என்றார் அவர்.

"அப்ப ரோட்டுலதான் தப்பு. சோதனை நிலையத்தையே ஜாக்கி போட்டுத் தூக்கி மட்டம் பாத்துடுவோமா?" என்றார் மச்சான். அந்தக் கேலியிலும் பழைய உற்சாகம் இல்லை.

ஜூன் 3ஆம் தேதி, திங்கட்கிழமைக் காலை. வண்டி தராசுகளின்மேல் நின்றது. சாப்பிடக் கூப்பிட வந்த வேனம்மா, இரண்டு முறை கூப்பிட்டும் இருவரும் அசையாததால், கால் வலிக்கிறது என்று கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். நான்கு முள்ளும் துள்ளின.

"இறங்கு, இறங்கு" என்றார் இறங்கு சார். சொன்னது அவர் அல்ல, முப்பத்தாறு ஆண்டுப் பழக்கம்.

"எதுக்கு இறங்கணும்?"

"எடை பாத்துக்கிட்டிருக்கேன். வண்டியோட எடையைப் பாக்கும்போது டிரைவர் உட்காரக் கூடாது."

வேனம்மா ஸ்டியரிங்கின்மேல் கை இரண்டையும் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "ஏங்க, நான் இறங்கிட்டா வண்டிய யாரு ஓட்டுவா?"

 மச்சான் கையில் இருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார். இறங்கு சார் குனிந்து முதல் தராசைப் பார்த்தார். பிறகு இரண்டாவதை, மூன்றாவதை, நான்காவதை. ஓட்டுநர் பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் ஏறியிருந்தன. மறுபக்கச் சக்கரங்கள் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தன. கனம் அதிகமான பக்கத்து டயர் தரையைக் கவ்விப் பிடிக்கும். கனம் குறைந்த பக்கத்து டயர் வழுக்கும். வண்டி பிடித்த பக்கம் திரும்பாமல் வேறெங்கே திரும்பும்?

கல் ஏற்றும் லாரிக்கு ஓட்டுநர் வேண்டாத சுமை. அதனால் இறங்க வேண்டும். ஓட்டுவதற்கென்றே கட்டிய காருக்கு ஓட்டுநர்தான் முதல் பாகம். அவரை இறக்கிவிட்டு, ஆளில்லாமல் ஓடும் ஒரு காரை இறங்கு சார் இம்மி பிசகாமல் கட்டி முடித்திருந்தார்.

அவர் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறி மனைவி இறங்கப் போனார்.

"இறங்காத" என்றார் அவர், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே. "வாழ்க்கையில முதல் தடவையா சொல்றேன். தயவுசெஞ்சு இறங்காத."

"மழையில, மாவுக்கட்டோட ஒரு மனுஷனை இறக்கினீங்களே, அவர் விட்ட சாபம் அத்தான் இது" என்றார் மச்சான். பழைய உற்சாகம் திரும்பிவிட்டது.

மீதி இருந்தது பதினோரு நாள். பதினான்கு கிலோ எடையுள்ள பேட்டரியை ஓட்டுநர் பக்கத்திலிருந்து கழற்றி மறுபக்க மூலைக்குக் கொண்டுபோனார்கள். கருவிப் பெட்டியும் அந்தப் பக்கம் போயிற்று. பிறகு வளையங்கள். முள்ளை இறங்கு சார்தான் பார்க்க வேண்டும். மற்றவர் பார்த்துச் சொன்னால் அவர் மனம் ஒப்பாது. தரையில் படுத்து ஸ்பேனர் பிடிப்பவர் மச்சான். ஆகவே இருக்கையில் உட்காரும் வேலை வேனம்மாவுக்கு வந்தது. ஒரு வாரம் காலையும் மாலையும் அவர் அதில் உட்கார்ந்தார். பேரனின் சட்டைக்குப் பொத்தான் தைத்தார், செய்தித்தாளை உரக்கப் படித்தார், பயற்றை உரித்தார். உரித்த தோலைத் தட்டோடு வெளியே வைக்கச் சொன்னார் கணவர்.

"நாப்பது கிராம் தோலு."

"நான் காலையில சாப்பிட்டதையும் வெளிய வைக்கணுமா?"

"அக்கா, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்க. அத்தான் முள்ளைப் பாக்குறார்" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வரும்.

வேனம்மா வேடிக்கையாகச் சில நேரம் ஸ்டியரிங்கைத் திருப்புவார், கியரை மாற்றுவார். பெடல்கள் தமக்கு எட்டுகின்றனவா என்று பார்ப்பார். இருக்கையை ஒரு பல் முன்னே தள்ளிக்கொண்டார். ஜூன் 11 அன்று முன் சக்கரங்கள் தலைக்கு 166, பின் சக்கரங்கள் தலைக்கு 167 காட்டின. ஆளோடு சேர்த்து மொத்தம் 666. நான்கும் நான்கு உடன்பிறப்புகள்போல் நின்றன. மூவரும் கைகுலுக்கிக்கொண்டனர். ஐம்பத்தாறு கிலோ எடையுள்ள ஒருவரை உட்காரவைத்துத்தான் இந்த நேர்மை வந்தது என்பதை அந்த மகிழ்ச்சியில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஜூன் 14, வெள்ளிக்கிழமை. மச்சானின் பட்டறை வண்டியில் ஏற்றிக் காரைச் சோதனை நிலையத்தில் இறக்கினார்கள். அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "வாங்க சார், உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். இறங்கு சார் புதுச் சட்டை அணிந்திருந்தார். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி அமர்ந்து, பெல்ட்டை மாட்டினார்.

வேனம்மா வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள், நாள்தோறும் காலையில் வேனின் பின்விளக்குகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் ஏறுவார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தால் ஒரு விளக்கு இறங்கியிருக்கும். இங்கும் ஒரு விளக்கு இறங்கியிருந்தது, விரற்கடை அளவுதான். அவர் கார்க் கதவருகே வந்தார்.

"என்னங்க. ஒரு பக்கம் தாழுது."

"தாழாதே. செவ்வாய்க்கிழமை சரியா இருந்துச்சே."

"செவ்வாய்க்கிழமை உட்கார்ந்திருந்தது நான்."

இறங்கு சார் கணக்குப் போட்டார். தொண்ணூற்றிரண்டில் ஐம்பத்தாறு போனால் முப்பத்தாறு. தவறான பக்கத்தில் முப்பத்தாறு கிலோ; ஏறக்குறைய முக்கால் சிமெண்டு மூட்டை. இந்த வண்டி யாருக்கு நேராக ஓடும் என்பதை நான்கு முள்ளும் மூன்று நாள் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டன. படித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அவர் கை ஸ்டியரிங்கை விடவில்லை. 1984 முதல் அந்த வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது அவர்தான். கனவில் வேறு யாரும் அந்த இருக்கையில் உட்கார்ந்ததில்லை. மறுபக்கம், ஒரு முழம் விலகினால் எல்லாம் முடிந்தது. குறித்த தேதியை மாற்றி வேறு நாள் கேட்கவும் விதியில் இடமில்லை.

"என்னங்க" என்றார் வேனம்மா, மெதுவாக. "இறங்குங்க."

நாளைக்கு எண்பது லாரி, ஆண்டுக்கு முந்நூறு நாள், முப்பத்தாறு ஆண்டு. எட்டு லட்சத்து அறுபத்து நாலாயிரம் தடவை அவர் பிறருக்குச் சொன்ன சொல். அவருக்கு ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தனை ஓட்டுநர்களும் மறுபேச்சில்லாமல் இறங்கினார்களே என்று அப்போது நினைத்துக்கொண்டார். பெல்ட்டைக் கழற்றினார், இறங்கினார், வழக்கப்படி மூன்றடி தள்ளிப் போய் நின்றார்.

"மேடம், இவங்க ஓட்டலாமா?" என்று அதிகாரியைக் கேட்டார்.

"யார் ஓட்டினாலும் எனக்கு ஒண்ணுதான். லைசென்ஸ் இருக்கா?"

வேனம்மா கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்து நீட்டினார். அந்தக் கைப்பையில் அது இல்லாத நாளே கிடையாது. கைப்பையைக் கணவரிடம் கொடுத்தார். "ஒண்ணரைக் கிலோ இருக்கும். வெளியவே இருக்கட்டும்" என்றார்.

இருக்கையை முன்னே தள்ளினார். பின்விளக்குகள் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்தன. மச்சான் பின்னாலிருந்து கட்டைவிரலைக் காட்டினார். வண்டி கோட்டின் தொடக்கத்துக்குப் போய்த் திரும்பி நின்றது. கிளம்பியது. முப்பது வரை வேன் ஓட்டியவரின் நிதானம். முப்பதைத் தாண்டியதும் எஞ்சினின் சத்தம் மாறியது. தூரத்திலிருந்து பார்த்தபோதும் வேனம்மாவின் முகத்தில் பல் தெரிந்தது. நாற்பது, ஐம்பது, அறுபது. குறியிட்ட இடத்தில் பிரேக் விழுந்தது. வண்டி மூக்கைச் சற்றே தாழ்த்தி, தரையைப் பிடித்து, இரு கோடுகளுக்கும் நட்ட நடுவே நின்றது.

அதிகாரி டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஒரு பக்கம் அளந்தார், மறுபக்கம் அளந்தார். இரண்டாம் தடவையும் அளந்தார். "ரெண்டு பக்கமும் ஒரே அளவு. இப்படி நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுத் தாளில் கையெழுத்திட்டார்.

இறங்கு சார் மனைவியின் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வேனம்மா இறங்குவார் என்று எல்லோரும் காத்திருந்தனர். அவர் இறங்கவில்லை.

"இன்னொரு தடவை ஓட்டலாமா?" என்று அதிகாரியைக் கேட்டார்.

"தேவையில்லம்மா. பாஸ் ஆயிடுச்சு."

"தேவைக்குக் கேக்கல."

அதிகாரி முன்னும் பின்னும் பார்த்தார். வரிசையில் வேறு வண்டி இல்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, "எனக்கு இந்தத் தாளை நிரப்ப அஞ்சு நிமிஷம் ஆகும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

அந்த ஐந்து நிமிடத்தில் வேனம்மா சோதனைச் சாலையை நான்கு முறை சுற்றினார். கோடியில் ஒரு வளைவு உண்டு. ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்புக் கார் அந்த வளைவில் சாயாமல், பென்சிலால் கோடு இழுத்தாற்போல் திரும்பியது. உள்ளே உட்கார்ந்திருந்தால் அதைப் பார்த்திருக்க முடியாது என்பது இறங்கு சாருக்கு மூன்றாம் சுற்றில்தான் உறைத்தது. நான்காம் சுற்றை அவர் இன்னும் நன்றாகப் பார்த்தார்.

"அத்தான், அக்கா இப்ப இறங்க மாட்டாங்க. உங்க பழைய வேலையைச் செய்யுங்க, 'இறங்கு'ன்னு சொல்லுங்க" என்றார் மச்சான்.

"வேணாம். ஓட்டட்டும்."

மகளுக்கு அன்று மாலை தொலைபேசியில் செய்தி போயிற்று. "வண்டி பாஸ்" என்றார் தந்தை. "அம்மா எங்கப்பா?" என்றாள் மகள். "பெட்ரோல் போடப் போயிருக்கா. ரெண்டு மணி நேரமாச்சு" என்றார்.

அதன்பின் ஒரு வாரம் யோசித்து, வண்டியைத் தமக்கு ஏற்றபடி மாற்றியமைக்கும் எண்ணத்தை அவர் கைவிட்டார். வேறொரு கணக்குப் போட்டார். வேனம்மா ஓட்ட, பக்கத்து இருக்கையில் அவர் அமர, இருவருக்குமாக ஒரே எடை. பேட்டரி பழைய இடத்துக்கே திரும்பியது. 2019 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் காரில் ஏறி உட்கார்ந்தனர். முள்ளை மச்சான் பார்த்துச் சொல்ல, இறங்கு சார் வாழ்க்கையில் முதல் முறையாகத் தராசின்மேல் இருந்துகொண்டு, பிறர் சொன்ன எடையை நம்பினார். நம்பினார் என்பது முழு உண்மை அன்று; இரண்டு முறை எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்ததால் முள் நகர்ந்துவிட்டது என்று மச்சான் திட்டினார்.

வாரந்தோறும் ஞாயிறு காலை இருவரும் அந்தக் காரில் கிளம்புவார்கள். பழைய குவாரி வாசல் வழியாகத்தான் போவார்கள். அந்த வளைவு வந்ததும் அவர் தொப்பியைக் கையால் பிடித்துக்கொள்வார். அவருடைய எடை இரண்டு கிலோ கூடினால் அவர் பக்கத்து வளையம் மேலே திருகப்படும், குறைந்தால் கீழே. இதுவரை கடைசியாக அவர் அந்த வளையத்தைத் திருகியது 2024 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு. மேல்நோக்கி, அரைச் சுற்று.